மேல்தோப்பில் மருந்தடிக்கும் சத்தம்

புருஷன் ஃபிர்மேன் செத்து மூன்று மாதமாகியும் மேல்தோப்பில் அவன் மருந்தடிக்கிற சத்தம் ஒதீலுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

விடியற்காலை ஐந்து மணி சுமாருக்குக் கேட்கும். முதலில் டிராக்டர் ஏற்றத்தில் முக்குகிற ஒலி. பிறகு பின்னால் கட்டிய மருந்துத் தொட்டியின் விசிறி சுழல ஆரம்பித்து, பெரிய வண்டு ஒன்று சன்னலுக்கு வெளியே நின்று இரைவது போல ஒரே சீராக எழும். வரிசை முடிந்து திரும்புகிற இடத்தில் கொஞ்சம் அடங்கும். மறுபடி எழும். மிஸ்ட்ரால் காற்று எட்டு மணிக்கு மேல்தான் வடக்கிலிருந்து இறங்கும் என்பதால் ஃபிர்மேன் அந்த நேரத்தில்தான் அடிப்பான். காற்று எழுவதற்கு முன்னால், தேனீ எழுவதற்கு முன்னால் என்பான். முப்பத்தெட்டு வருஷம் அப்படி அடித்தான்.

பிப்ரவரியில் அவனைப் புதைத்தார்கள். முதல் சில நாள் சத்தம் கேட்டதும் ஒதீல் இரவு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு மேடேறிப் போய்ப் பார்த்தாள். பதினெட்டு வரிசை செர்ரி மரங்களும் மொட்டையாக நின்றன. தரையில் டயர் தடம் இல்லை. மருந்துத் தொட்டி கொட்டகையில், ஒரு சக்கரத்தில் காற்றில்லாமல், சாய்ந்து கிடந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கட்டிலில் தன் பக்கத்திலேயே படுத்து, பதினெட்டு வரிசையும் முடிகிறவரை கேட்டுவிட்டு எழுந்து காப்பி போடுவாள். யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவான். ஊரில் சொன்னால் பாதிரியாரைக் கூட்டிவருவார்கள்.

மார்ச் கடைசியில் மரங்கள் பூத்தன. எதிரே வாந்தூ மலையின் உச்சியில் இன்னும் பனி கிடந்தது. ஏப்ரலில் பூ உதிர்ந்து பிஞ்சு நின்றது. அத்தனை காய்ப்பை ஏழெட்டு வருஷமாகப் பார்த்ததில்லை என்று லாசேன் சொன்னார். மொராக்கோவிலிருந்து அறுவடைக்கு என்று வந்து, பிறகு இந்த ஊரிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர் லாசேன். இருபத்திரண்டு வருஷமாக இவர்கள் தோப்பில்தான் வேலை. மரத்தைப் பார்த்து அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

"காய்ச்சா மட்டும் போதுமா" என்றான் லூசியன்.

லூசியன் ஒரே மகன். முப்பத்தைந்து வயது. லியோன் நகரத்தில் மின்சார வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அப்பனுக்குக் கால் இழுக்க ஆரம்பித்த வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்தான். கட்டியிருந்தவள் இரண்டு கோடை பொறுத்துப் பார்த்துவிட்டு நகரத்துக்கே திரும்பிப் போனாள். அவன் பிறந்த வருஷம் ஃபிர்மேன் நட்டதுதான் மேல்தோப்பு.

கீழ்த்தோப்பில் முந்திப் பழுக்கிற ரகம். அதற்கு லூசியன் போன வருஷமே கம்பம் நட்டு, கொசுவலை மாதிரி நெருக்கமான வெள்ளை வலையால் வரிசை வரிசையாக மூடிவிட்டான். வலைக்குள் ஈ புகாது. மேல்தோப்பு பாறைச் சரிவு. கம்பம் இறங்காது. இறங்கினாலும் மிஸ்ட்ரால் ஒரே இரவில் பிய்த்து எறிந்துவிடும். அங்கே ஜூன் நடுவில் பழுக்கிற பிந்திய ரகம். ஈக்குப் பிடித்ததும் அதுதான். இறக்கையில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஈ. நிறம் திரும்பும்போதே பழத்தைத் துளைத்து முட்டை வைத்துவிடும். பறிக்கும்போது மேல்தோல் பளபளவென்று இருக்கும். பெட்டி கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் உள்ளே கூழாகிவிடும்.

மே மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். ஒதீல் பச்சை அவரைக்கொட்டையை வெண்ணெயில் வதக்கி, ஆட்டுப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் ஆலிவும் மேஜையில் வைத்திருந்தாள். லாசேன் தன் இடத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். லூசியன் உள்ளே வந்து, கைநிறைய இருந்த அரைச்சிவப்புச் செர்ரிகளை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, உப்பை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மேஜை நடுவில் வைத்தான். சாப்பிட்டார்கள். கால்மணி நேரத்தில் பழத்திலிருந்து வெள்ளை நூல் துண்டுகள் போல ஒவ்வொன்றாக நெளிந்து வெளியே வந்து தண்ணீரில் துள்ளின.

"வந்துருச்சு" என்றான் லூசியன்.

"எந்த வரிசை?" என்று கேட்டார் லாசேன்.

"நாலஞ்சு வரிசையில பொறுக்கிட்டு வந்தேன். எல்லாத்துலயும் இருக்கு. பாதிப் பழம் இன்னும் மஞ்சளாத்தான் நிக்குது, அதுக்குள்ள."

"களிமண் அடிச்சமே" என்றாள் ஒதீல். வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து அடிப்பது அனுமதி உள்ள வழி. அதற்காகத்தான் லூசியன் மருந்துத் தொட்டியின் டயரைச் சரிபண்ணியிருந்தான்.

"ரெண்டு தடவ அடிச்சாச்சும்மா. அந்த ஈ நல்லா பவுடர் போட்ட பழமாப் பாத்து முட்ட வைக்குது."

லாசேன் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"நேத்து டவுன்ல பெரிய கடைக்குப் போனேன்" என்றான் லூசியன். "செர்ரி வந்து எறங்கியிருக்கு, கடல் தாண்டி. ஒவ்வொண்ணும் இத்தாம்பெருசு. வாங்கிட்டு வந்து இதே மாதிரி உப்புத் தண்ணில போட்டுப் பாத்தேன். ஒரு புழு இல்ல. ஏன் இல்ல? அங்க அடிக்கிறான். நமக்கு வேணாம்னு தடுத்தாங்களே, அதே மருந்து. அடிச்சு, கப்பல்ல ஏத்தி, நமக்கே அனுப்புறான். நம்ம ஊர்க்காரிங்க வாங்கிப் பிள்ளைங்களுக்குக் குடுக்குறாங்க. நான் அடிச்சா கேசு. அவன் அடிச்சா வியாபாரம். இது எந்த ஊரு நியாயம்?"

"அந்த மருந்தப் பத்தி இங்க பேசாத."

"நான் என்ன அடிக்கவா போறேன்? நியாயத்தக் கேக்குறேன்."

"எதைக் கேட்டாலும் அந்த நாற்காலில உக்காந்துக்கிட்டுக் கேக்காத."

லூசியன் குனிந்து பார்த்தான். அப்பனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. எழுந்து, டம்ளரை எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினான். லாசேன் தேநீர் போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மா" என்றான் லூசியன், முதுகைக் காட்டியபடியே. "போன வருஷம் மேல்தோப்புல ஒரு பெட்டி தேறல. அதுக்கு முந்தின வருஷமும் இல்ல. இந்த வருஷமும் போச்சுன்னா வேரோட பிடுங்கிரலாம். எனக்கு வேற வழி தெரியல."

ஞாயிற்றுக்கிழமை ஆர்மான் வந்தார். செர்ரிக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஒதீலோடு ஒரே வகுப்பில் படித்தவர். வயிறு பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. வாசல் மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்து, அவள் ஊற்றிய மதுவை ஒரே மடக்கில் குடித்தார்.

"வியாழக்கிழமை எல்லா டிராக்டரும் மாவட்டத் தலைநகருக்குப் போகுது, ஒதீல். அறுபது வண்டி சேந்துருச்சு. அதிகாரி அஞ்சு பேர உள்ள விடுறதாச் சொல்லியிருக்கார். நீ வரணும்."

"நான் எதுக்கு?"

"நான் பேசினா தினம் கத்துறவன்னு காதுல போட்டுக்க மாட்டாங்க. நீ பேசினா கேப்பாங்க. ஃபிர்மேனத் தெரியாதவங்க இந்த மலையடிவாரத்துல யாரு?"

"என்ன பேசணும்?"

"உள்ளதத்தான். நாப்பது வருஷம் மரம் வச்ச குடும்பம், மரத்தப் பிடுங்குற கதிக்கு வந்தாச்சு. வெளியில இருந்து வர்ற பழத்த நிறுத்து. முடியாதா, எங்க மருந்த எங்களுக்குத் திருப்பிக் குடு. ஓடுறவன் எல்லாருக்கும் ஒரே கோடு போடு. அவ்வளவுதான்."

ஒதீல் அவர் டம்ளரை மறுபடி நிரப்பினாள்.

"ஃபிர்மேன் எப்பிடிச் செத்தான்னு சொல்லலாமா, ஆர்மான்?"

ஆர்மான் டம்ளரைத் தொடவில்லை.

"அந்த நடுக்குவாதம் வயசானாலும் வர்றதுதான ஒதீல்."

"அம்பத்தெட்டு வயசுலயே ஆரம்பிச்சுது. முத்திரை வச்ச காயிதம் உள்ள இருக்கு. தொழிலால வந்த நோய்னு அரசாங்கமே எழுதிக் குடுத்துருக்கு. வாசிச்சுக் காட்டட்டா?"

"வேணாம், வேணாம். எனக்குத் தெரியாதா? அவன் சவப்பெட்டியத் தூக்குனவன் நான். ஆனா அன்னிக்கு மட்டும் அந்தக் காயிதத்த எடுக்காத. நம்ம வாயாலயே நம்ம பொழப்பக் கெடுத்துக்கக் கூடாது." அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "வருவேல்ல?"

"வர்றேன்."

அவர் போனபின் ஒதீல் டம்ளர்களைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஃபிர்மேன் கோடையில் சட்டையில்லாமல், அரைக்கால் சட்டையோடு டிராக்டர் மேல் உட்கார்ந்துதான் மருந்தடிப்பான். மூடி போட்ட டிராக்டர் அப்போது யாரிடமும் இல்லை. இறங்கி வரும்போது புருவத்தில் துளி நிற்கும். மருந்தை அளந்து ஊற்றிக் கொடுத்தது அவள்தான். சமையலறை அளவுக் கோப்பையால் அளந்து, அதே குழாயில் கழுவி வைப்பாள். அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை அவன் உடுப்பிலும் தலையணையிலும் இருக்கும். அதைப் புருஷனின் வாசனை என்றே அவள் வருஷக்கணக்காக நினைத்திருந்தாள். கடைசி எட்டு வருஷத்தில் உடம்பு அவன் சொன்னதைக் கேட்பதை ஒவ்வொன்றாக நிறுத்தியது. நடை, கை, பேச்சு என்று போய், கடைசியில் விழுங்குவதும் போயிற்று. வாசனை மட்டும் அவன் சட்டைகளில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிகாலையிலும் சத்தம் கேட்டது.

ஒதீல் எழுந்திருக்கவில்லை. டிராக்டர் முக்கியது. விசிறி எழுந்தது. அன்று அது வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது போலத் தோன்றியது. காற்றே இல்லாத நாள், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று வரிசைகளோடு கூடப் போனாள். அவளுக்கு அது இப்போது பயமாகக்கூட இல்லை. வீட்டில் இன்னொருவர் இருந்து வேலை பார்க்கிற நிம்மதி மாதிரி ஒன்று. பன்னிரண்டாவது வரிசையில் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது ஏழு மணி. காப்பி போட்டாள். பின்கட்டிலிருந்து லூசியன் சாப்பிட வரவில்லை. அவன் கிண்ணம் கவிழ்த்தபடியே இருந்தது. வலை பார்க்கப் போயிருப்பான் என்று சன்னலைத் திறந்தாள்.

மேல்தோப்பின் விளிம்பில் ஃபிர்மேன் நின்றுகொண்டிருந்தான்.

வெள்ளை அங்கி, தலையை மூடிய குல்லாய், முகத்தில் குழாய் வைத்த மறைப்பு. அந்த அங்கியை அவன் மருந்தடித்த கடைசிக் காலத்தில்தான், அது கட்டாயம் என்று சட்டம் வந்த பிறகு வாங்கினான். மொத்தமே நாலைந்து தடவை போட்டிருப்பான். இடது தோளில் கிழிந்த இடத்தில் அவள் ஒட்டிய சாம்பல் நிற நாடா இங்கிருந்தே தெரிந்தது. டிராக்டர் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து, மரங்களைப் பார்த்தபடி, வேலை முடித்தவன் நிற்கிற நிற்பு.

ஒதீலுக்குக் கத்தத் தோன்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். மூச்சு வாங்கியது. ஏற ஏற அவளுக்குக் கோபம்தான் வந்தது. சாப்பாட்டுக்கு வராமல் தோப்பிலேயே கிடக்கிறவன்மேல் வருகிற பழைய கோபம்.

"ஃபிர்மேன்!" என்று கூப்பிட்டாள். "போதும், எறங்கி வா. காப்பி ஆறுது."

உருவம் அசையவில்லை.

"உனக்குத்தான் சொல்றேன். தினமும் வர்ற, தினமும் அடிக்கிற. நானும் ஒண்ணும் சொல்லாமப் படுத்துக் கெடக்குறேன். இன்னும் எத்தன தடவதான் அடிப்ப?" பத்தடி தள்ளி நின்றாள். "நீ செத்துட்ட, ஃபிர்மேன். உன்கிட்ட யாரும் சொல்லலியா?"

உருவம் மெல்லத் திரும்பியது. கையுறை போட்ட கை மறைப்பைக் கழற்றியது. கண்ணைச் சுற்றிச் சிவந்த வட்டத் தழும்போடு லூசியனின் முகம்.

"மா" என்றான். "நான்மா. நான்தான்."

அப்போதுதான் அவளுக்கு அந்த வாடை வந்தது. அழுகின பூண்டு. தலைக்கு மேலே இலைகள் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது.

"களிமண் இல்ல இது."

அவன் மறைப்பை டிராக்டர் இருக்கையில் வைத்தான்.

"எங்க கிடைச்சுது?"

"துறைமுகத்துல ஒருத்தன். ரெண்டு கேன். மேல என்ன எழுதியிருக்குன்னுகூடப் படிக்க முடியல. ஆனா அதே மருந்துதான்."

"லாசேன் எங்க?"

"கீழ வலையில. அவர்தான் அடிக்கிறேன்னு வந்தார். நான் விடல. எல்லாம் மூடிக்கிட்டுத்தான் அடிச்சேன்மா. அப்பா மாதிரி இல்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ. மூணு வாரத்துல வீரியம் போயிரும், அதுக்கப்புறம்தான் பறிப்போம். கடைல விக்கிறதும் அப்பிடித்தான. யாருக்கு என்ன தெரியப்போகுது?"

"கழட்டு."

"மா..."

"கழட்டுடா!"

வரப்பு ஓரக் குழாயடிக்கு அவனை இழுத்துப்போனாள். மலையிலிருந்து வருகிற தண்ணீர், பல்லைக் கிட்டவைக்கிற குளிர். முப்பத்தைந்து வயது மகனை உள்ளுடுப்போடு நிற்கவைத்து, தலையிலிருந்து ஊற்றி, சோப்புப் போட்டு, காதின் பின்புறம், கழுத்து, அக்குள், விரலிடுக்கு என்று தேய்த்தாள். அவன் நடுங்கிக்கொண்டு நின்றான். தடுக்கவில்லை. அங்கியைக் கோலால் தூக்கிச் சாக்கில் திணித்து வாயைக் கட்டினாள்.

"சத்தம் எனக்குக் கேட்டுது" என்றாள், தேய்த்துக்கொண்டே. "எழுந்து வந்திருந்தா முதல் வரிசையிலயே நிறுத்தியிருப்பேன். உங்கப்பன்னு நினைச்சுப் படுத்திருந்தேன். தினமும் கேக்குதே, அதுதான்னு நினைச்சேன்."

லூசியன் தலையைத் துவட்டாமல் அவளைப் பார்த்தான்.

"உனக்கும் கேக்குதா?" என்றான்.

அவள் கை நின்றது.

"அஞ்சு மணிக்கு" என்றான் அவன். "பதினெட்டு வரிசை. நீ பயந்துருவேன்னு நான் சொல்லல."

இருவரும் குழாயை மூட மறந்து நின்றார்கள். தண்ணீர் பாட்டுக்குக் கல்லில் விழுந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை அறுபது டிராக்டர்கள் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு நகரத்துக்குள் நுழைந்தன. அதிகாரியின் மாளிகை வாசலில் புழுத்த செர்ரிப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். வெயிலில் அது கள் மாதிரி நாறியது. உள்ளே நீண்ட மேஜை. ஆர்மான், இன்னும் இரண்டு பேர், லூசியன், ஒதீல். எதிரே ஒல்லியாக, மரியாதையாக ஓர் அதிகாரி. ஆர்மான் கடையில் வாங்கிய அயல்நாட்டுப் பழங்களை ஒரு தட்டில் கொட்டி அவர் முன்னால் தள்ளினார்.

"சாப்பிடுங்க சார். நல்ல பழம். புழு இருக்காது."

அதிகாரி மரியாதைக்கு ஒன்றைக் காம்போடு எடுத்தார். ஆர்மான் அது எப்படி விளைகிறது என்று சொல்லச் சொல்ல, அதைத் தின்னவும் முடியாமல் தட்டில் திரும்பப் போடவும் முடியாமல் விரலிடுக்கில் பிடித்தபடியே இருந்தார்.

"இந்தம்மா சொல்வாங்க" என்றார் ஆர்மான்.

ஒதீல் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசினாள்.

"என் புருஷன் முப்பத்தெட்டு வருஷம் அந்த மருந்த அடிச்சான். அதாலதான் செத்தான். காயிதம் இருக்கு."

ஆர்மான் நாற்காலியில் அசைந்தார்.

"எங்களுக்கு அது திரும்ப வேணாம். தடுத்தீங்க, சரிதான். இன்னும் முன்னாடியே தடுத்திருக்கணும். ஆனா எங்க தோப்புல கூடாதுன்னு சொல்லிட்டு, அதையே அடிச்ச பழத்த அங்கருந்து வாங்கித் திங்கிறீங்களே, அது என்ன? அங்க அடிக்கிறவனும் ஒருத்தியோட புருஷன்தான? அவளும் விடிஞ்சதும் அவன் சட்டையத் தொவைக்கிறவதான? எங்களுக்கு விஷம்னா அவளுக்கும் விஷம்தான். பழத்த நிறுத்துங்க. நிறுத்த முடியாதுன்னா, புழு விழுந்த பழத்தத் தின்னப் பழகிக்குங்க. எங்கள மட்டும் நடுவுல நிக்கவச்சு ரெண்டு பக்கமும் கதவ அடைக்காதீங்க."

அதிகாரி குறித்துக்கொண்டார். பாரிஸுக்கு எழுதுவதாகவும், பாரிஸ் பிரஸ்ஸல்ஸுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவர்கள் எழுந்தபோதும் அந்தப் பழம் அவர் விரலிடுக்கில்தான் இருந்தது.

படியிறங்கும்போது ஆர்மான், "நல்லாப் பேசின. நம்ம கையில இருந்த ஒரே கயிறையும் அறுத்துட்ட" என்று சொல்லிவிட்டுத் தன் டிராக்டருக்குப் போனார். அதற்கப்புறம் சந்தையில் பார்த்தாலும் தொப்பியைத் தொடுவதில்லை.

திரும்பும் வழியில் வண்டி நகரத்தைத் தாண்டியது.

"நீ என்னைக் காட்டிக் குடுத்துருவேன்னு நினைச்சேன்" என்றான் லூசியன்.

"குடுக்கல. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. மேல்தோப்புப் பழம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

"பிந்தின பழம் முழுக்க அதுதாம்மா."

"தெரியும்."

"அப்பிடியே விட்டுறலாம். தானா விழுந்துரட்டும்."

"சுவர் இல்ல, வேலி இல்ல. ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க பறிக்கும். நடக்கப் போறவங்க பறிப்பாங்க. லாசேன் வீட்டுக்காரி வருஷா வருஷம் ஊறப்போட எடுத்துட்டுப் போவா. அவளப் பாத்து என்ன சொல்வ?"

ஜூன் நடுவில் மேல்தோப்பு பழுத்தது. லூசியன் ஒரு கைப்பிடி பறித்துவந்து மறுபடி உப்புத் தண்ணீரில் போட்டான். கால்மணி, அரைமணி. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அந்தத் தெளிந்த தண்ணீரை ஒதீலால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

தோப்பின் தலைமாட்டில், பாறை இல்லாத ஒரே இடத்தில், லூசியன் டிராக்டர் கரண்டியால் குழி தோண்டினான். ஓர் ஆள் ஆழம், இரண்டு வண்டி நீளம். மூவரும் கையுறை போட்டு, முக்காலி ஏணிகளை நிறுத்திப் பறித்தார்கள். நாலு நாள் ஆயிற்று. வேறு ஆள் யாரையும் கூப்பிடவில்லை. கறுஞ்சிவப்பில், கட்டைவிரல் பருமனில், காம்பை இழுத்தால் டக்கென்று விடுகிற பழம். பல வருஷத்துக்கு அப்புறம் வந்த விளைச்சல். கை பழக்கத்தில் காம்போடு, இலை படாமல், நோகாமல்தான் பறித்தது. வாளி நிறைந்ததும் குழியோரம் போய்க் கவிழ்ப்பார்கள். முதல் நாள் லாசேன் ஒவ்வொரு வாளிக்கும் வாய்க்குள் என்னவோ சொன்னார். ஒதீல் அது என்ன என்று கேட்கவில்லை.

"பிடுங்குறத எப்ப வச்சுக்கலாம்?" என்று லாசேன் கேட்டார்.

"எல உதிரட்டும். நவம்பர்ல" என்றான் லூசியன் ஏணி மேலிருந்து. "கீழ்த்தோப்பு போதும் எங்க ரெண்டு பேருக்கு. உங்களுக்கும் போதும், பயப்படாதீங்க."

"நான் எங்க பயப்படுறேன்? எனக்கு வயித்துல பாதி தேநீர்தான்."

நாலாம் நாள் மதியம் கடைசி வரிசை. ஒதீல் பக்கத்து ஏணியில் இருந்த லாசேனைப் பார்த்தாள். அவர் வலது கையால் மட்டும் பறித்துக்கொண்டிருந்தார். இடது கை தொடைமேல் கிடந்தது. கையுறையைக் கழற்றியிருந்தார். கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் உரசி உரசி, ரொட்டித் துணுக்கை உருட்டுவது போல உருட்டிக்கொண்டிருந்தது. உருட்ட அங்கே ஒன்றுமில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஃபிர்மேனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில், செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது. எதை உருட்டுற என்று கேட்டு அவள் சிரித்திருக்கிறாள்.

ஏணியிலிருந்து இறங்கி அவருடைய ஏணிக் காலடியில் போய் நின்றாள்.

"லாசேன், எறங்குங்க. கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல மதாம். குளிரு."

வெயில் பிடரியைச் சுட்டது. அவர் இறங்கி, கையை அவள் பிடியில் கொடுத்தார். அவள் இறுக்கிப் பிடித்தும் அந்த விரல் நிற்கவில்லை.

அவளுக்கு வாசல்படி ஞாபகம் வந்தது. ஃபிர்மேனுக்கு இடுப்பு வலி என்றால், தலைவலி என்றால், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால், அந்தப் படியில் நின்று கூப்பிடுவது அவள்தான். லாசேன், இன்னிக்கு நீங்க போய் அடிச்சுருங்க. புருஷனைக் கொஞ்சம் தப்பவைக்கிற ஆசையில் கூப்பிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை தடவை என்று அவளுக்குக் கணக்கில்லை. அவருக்கு மறைப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"எப்பருந்து?" என்றாள்.

"போன வருஷம் நோன்புல இருந்து."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அவங்க கேப்பாங்க, எந்தத் தோப்புல அடிச்ச, எத்தன வருஷம், யாரு அடிக்கச் சொன்னான்னு. நான் வந்து சொல்றேன். நான்தான் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."

"வேணாம் மதாம். லூசியனுக்கு வம்பாயிரும்."

லூசியன் ஏணியிலிருந்து இறங்கி வந்து நின்றான். லாசேனின் கையைப் பார்த்தான். அப்பனின் கையை ஏழு வருஷம் பார்த்தவன். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நானும் வர்றேன்" என்றான். "வண்டி நான் ஓட்டுறேன்."

லாசேன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"முசியே ஃபிர்மேனுக்கு முதல்ல எந்தக் கை?"

"வலது."

"எனக்கு இடது" என்றார் அவர். அது பெரிய வித்தியாசம் என்பது போல முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.

ஒதீல் அவர் வாளியை எடுத்தாள். நிறைந்திருந்தது. அதைக் குழிவரைக்கும் தானே தூக்கிக்கொண்டு போனாள்.